1971-ம் வருஷத்துப் பீப்பாயும் சேலத்துச் சட்டமும்

போன தை மாசம் என் மாமன் மகன் ஊருக்கு வந்திருந்தான். பிரான்ஸ் நாட்டோட தென்மேற்குல துலூஸ்னு ஒரு ஊர், அங்கே பத்து வருஷமா வேலை. எப்பவும் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும்தான் கொண்டு வருவான். இந்தத் தடவை பழைய சட்டையில சுத்தி ஒரு பாட்டில் கொண்டு வந்தான். ராசிபுரம் பக்கத்துல எங்க தோட்டத்து வீட்டு மொட்டை மாடியில வெச்சுப் பிரிச்சோம்.

பாட்டில்ல பளபளப்பு ஒண்ணும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்துல கையால எழுதி ஒட்டியிருந்தது. மேல 1971, கீழ 2016. மேல இருக்கறது திராட்சை அறுத்த வருஷம், கீழ இருக்கறது பாட்டில்ல அடைச்ச வருஷம்னு சொன்னான். துலூஸுக்கு மேற்கே ஒரு விவசாயி வீட்டுல வாங்கினதாம். அப்பா காய்ச்சிப் பீப்பாயில ஊத்தி வெச்சதை மகன் பாட்டில்ல அடைச்சிருக்காரு. இடையில 45 வருஷம்.

நான் பெரிய குடிகாரனும் இல்லை, ருசி பார்க்கறதுல நிபுணனும் இல்லை. பாயசம் குடிக்கற கண்ணாடி டம்ளர்ல ரெண்டு ஸ்பூன் அளவு ஊத்தினான். உடனே குடிக்கக் கூடாது, இருபது நிமிஷம் பொறுக்கணும்னான். பொறுத்தோம். கிட்டக் கொண்டு போனப்ப மூக்கைக் குத்தற நெடி இல்லை. வெல்லப்பாகு, காஞ்ச ஆரஞ்சுத் தோல், ரொம்ப நாளா மூடியிருந்த மரப்பெட்டியைத் திறந்தா வர்ற வாசம். வாயில வெச்சப்ப எரிச்சல் பின்னாடிதான் வந்தது, அதுவும் மெதுவா. கூடவே கெட்டி டீ டிக்காஷன் மாதிரி ஒரு துவர்ப்பு. முழுங்கின பிறகும் ரொம்ப நேரம் வாயிலேயே இருந்தது.

எங்க அம்மா வீட்டுல சாராய வாடையே ஆகாதவங்க. அதுக்குக் காரணம் உண்டு, பின்னாடி சொல்றேன். மறுநாள் காலையில கழுவாம விட்ட டம்ளரை எடுத்தவங்க மூக்குகிட்ட கொண்டு போய்ட்டு, "பழம்புளிப் பானை மாதிரி இருக்குது"ன்னாங்க. விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கு எதுக்குக் கண்ணு நாப்பத்தஞ்சு வருசம்?" அப்படின்னு கேட்டுட்டுப் போய்ட்டாங்க.

அந்தக் கேள்வியும் லேபிள்ல இருந்த 1971-ம் என்னை விடலை. சேலம் ஜில்லா மதுவிலக்கைப் பத்திக் கொஞ்ச காலமா குறிப்பு எடுத்துட்டு வர்றேன். அதுல 1971 முக்கியமான வருஷம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்ப தோணினதுதான் இந்தக் கட்டுரை.

அங்கே எப்படிச் செய்யறாங்க

நாங்க ருசி பார்த்தது அர்மான்யாக். திராட்சை ரசத்தைப் புளிக்க வெச்சு, அதைக் காய்ச்சி எடுக்கற பிராந்தி. காஸ்கனிப் பகுதியில மட்டும்தான் இந்தப் பேரை வெச்சுக்கலாம். 1909-ல எல்லை வகுத்தாங்க, 1936-ல சட்டப்படி பேருக்குப் பாதுகாப்பு வந்தது. நம்ம சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம் இல்லையா, அதுக்கு மூத்த அண்ணன் இந்த ஏற்பாடு.

அதிகம் பேருக்குத் தெரிஞ்ச கோன்யாக்கை ரெண்டு தடவை காய்ச்சுவாங்க. அர்மான்யாக்கைப் பெரும்பாலும் ஒரே தடவையில, செம்புக் கொதிகலன்ல தொடர்ச்சியா ஓடவிட்டுக் காய்ச்சுவாங்க. சின்ன விவசாயிகள்கிட்ட சொந்தக் கொதிகலன் கிடையாது. குளிர்காலத்துல சக்கரம் வெச்ச கொதிகலன் ஊர் ஊராப் போகும். நம்ம பக்கம் நெல்லடிக்கற மெஷின் களத்துக்குக் களம் போற மாதிரி. வண்டி வர்ற அன்னைக்கு அந்தத் தோட்டத்துல விடிய விடிய வேலை, சாப்பாடு.

காய்ச்சி எடுத்தது தண்ணி மாதிரி நிறமில்லாம இருக்கும். அதைச் சுமார் 400 லிட்டர் பிடிக்கற ஓக் மரப் பீப்பாயில ஊத்துவாங்க. முதல்ல புதுப் பீப்பாய், அப்புறம் பழைய பீப்பாய். மரத்தோட நிறமும் துவர்ப்பும் உள்ளே இறங்கும். மரத்தோட நுண்துளை வழியாக் காத்து உள்ளே போகும், சாராயம் ஆவியா வெளியே போகும். வருஷத்துக்கு நூத்துல ரெண்டு மூணு பங்கு இப்படிக் காணாமப் போகும். அதுக்கு அவங்க வெச்ச பேர் தேவதைகளோட பங்கு. 400 லிட்டர்ல வருஷம் 2 சதவீதம் போனா 45 வருஷத்துல மிச்சம் 160 லிட்டர் சொச்சம்தான். மரம் போதும்னு வீட்டுக்காரருக்குத் தோணினா எடுத்துப் பெரிய கண்ணாடிக் குடுவைக்கு மாத்திடுவாரு. கண்ணாடிக்குப் போயிட்டா அதுக்கு மேல மாற்றம் கிடையாது.

இதுல திறமை இருக்கு, மறுக்கலை. ஆனா திறமையை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. 1971-ல பீப்பாயில ஊத்தின மனுஷனுக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கணும். இன்னும் பத்து வருஷம், இருபது வருஷம் கழிச்சும் இதை வெச்சிருக்கறது குத்தம் ஆகாது, என் பிள்ளை இதை வித்துக்கலாம், தோட்டம் எங்க கையில இருக்கும்னு. காஸ்கனி விவசாயிக்குப் பீப்பாய் ஒரு சேமிப்பு. நம்ம வீட்டுல அவசரத்துக்கு நகை இருக்கற மாதிரி.

இங்கே இருந்தது

பழசாக்கிச் சுவை கூட்டறது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. புது அரிசியை விடப் பழைய அரிசிக்கு விலை அதிகம். எங்க அம்மாயி வீட்டுல பழம்புளிப் பானை தனியா இருக்கும், ரசத்துக்கும் மருந்துக்கும் மட்டும்தான் அதைத் தொடுவாங்க. சித்த மருத்துவத்துல பழைய வெல்லம், பழைய நெய்க்கு மதிப்பு தனி. கள்ளையே மண்ணுல புதைச்சும் மூங்கில் குழாயில அடைச்சும் முதிர வெச்சதைச் சங்கப் பாட்டுகள் சொல்லுது. தகடூர் அதியமான் இறந்தப்ப ஔவையார் பாடின புறநானூற்றுப் பாட்டு, அவன் கள்ளைப் பகிர்ந்துகிட்ட விதத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. தகடூர்னா இன்னைய தர்மபுரி. 1965 வரைக்கும் அது சேலம் ஜில்லா.

பிந்திய காலத்துல இந்தச் சமவெளியில இருந்தது ரெண்டு சரக்கு. ஒண்ணு கள். பனை, தென்னையில இறக்கினது, காலையில இனிப்பு, மத்தியானம் போதை, மறுநாள் காடி. அதைச் சேர்த்து வைக்கவே முடியாது. இன்னொண்ணு பட்டைச் சாராயம். வெல்லத்தைக் கரைச்சு வெள்வேல மரத்தோட பட்டையைப் போட்டு ஊற வெச்சுக் காய்ச்சறது. பேர்ல இருக்கற பட்டை அதுதான். நம்ம மேய்ச்சல் காடுகள்ல குடை மாதிரி நிக்கற அந்த மரத்துப் பட்டையில துவர்ப்பு அதிகம். ஓக் பீப்பாய் கொடுக்கற துவர்ப்பும் இதே இனம்தான். ஆனா ஒரு வித்தியாசம். இங்கே பட்டை ஊறல்ல சேருது, காய்ச்சறதுக்கு முன்னாடி, சில நாள். அங்கே மரம் சாராயத்தோட சேருது, காய்ச்சின பிறகு, பல வருஷம்.

அந்தப் பல வருஷம் ஏன் இங்கே கிடைக்கலைங்கறதுக்கு ஒரு பெரிய காரணம் ஆப்காரி, அதாவது மது வரி. பிரிட்டிஷ் ஆட்சியில சென்னை மாகாணத்துக்கு இது பெரிய வருமானம். 19-ம் நூற்றாண்டோட கடைசிப் பகுதியில அங்கங்கே இருந்த சின்ன அடுப்புகளை ஒழிச்சு, பெரிய ஆலையில காய்ச்சிக் கடைக்கு அனுப்பற முறையைக் கொண்டு வந்தாங்க. வரி வசூலுக்கு அது சுலபம். நெல்லிக்குப்பத்துல பாரி கம்பெனி சர்க்கரை ஆலையோட சாராய ஆலையும் நடத்தினது இந்தக் காலத்துலதான். 1886-ல ஆப்காரிச் சட்டம் வந்தது. கள்ளுக்கு மரவரி, கடைக்கு ஏலம்.

ஏலம் வருஷா வருஷம் நடக்கும். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை அந்த ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தாகணும். அடுத்த வருஷம் கடை அவர் கையில இருக்குமான்னு தெரியாது. அப்படிப்பட்ட ஆள் எதுக்குச் சரக்கைப் பழசாக்கணும்? இன்னைக்கு வந்ததை இன்னைக்கே வித்தாதான் லாபம். வீட்டு அளவுல காய்ச்சறவனுக்கோ அது குத்தம் ஆயிடுச்சு. குத்தம் பண்றவன் சீக்கிரம் காய்ச்சி, சீக்கிரம் வித்து, தடயம் இல்லாம பண்ணத்தான் பார்ப்பான். குடும்பத் தயாரிப்பாளர்னு ஒரு ஆள் இங்கே உருவாகற வழி அப்பவே அடைஞ்சு போச்சு.

சேலத்துல ஆரம்பிச்சது

ராஜாஜி சேலத்துல வக்கீலா இருந்தவர், நகரசபைத் தலைவராவும் இருந்தவர். 1925-ல திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சார். அங்கே இருந்து 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை வந்தது. முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே. கூட இருந்து வேலை செஞ்சவர் கல்கி. சுத்துப்பட்டு கிராமங்கள்ல கூலி வாங்கின கையோட கள்ளுக்கடைக்குப் போற குடும்பங்களை அவங்க நேர்ல பார்த்தாங்க. 1937-ல ராஜாஜி சென்னை மாகாணத்தோட முதல் மந்திரி ஆனதும், அக்டோபர் 1-ம் தேதி முதல் மதுவிலக்கை அமல்படுத்தினார். மாகாணம் முழுக்க இல்லை, முதல்ல சேலம் ஜில்லாவுல மட்டும். இன்னைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதுல அடக்கம்.

அது வெறும் நல்லெண்ணச் சட்டம் மட்டும் இல்லை. போன வருமானத்துக்கு ஈடு வேணும். 1939-ல பொது விற்பனை வரி வந்ததுக்கு மதுவிலக்கு ஒரு முக்கியக் காரணம். மரமேறிகளோட பிழைப்பு போச்சு. அவங்களுக்குன்னு சுண்ணாம்பு தடவின பானையில பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி பண்ணினாங்க. ஆனா கள்ளுல கிடைச்ச காசு வெல்லத்துல கிடைக்காது.

இரண்டாம் உலகப் போர் சமயத்துல, காங்கிரஸ் மந்திரிசபை இல்லாதப்ப, மதுவிலக்கை நிறுத்தி வெச்சாங்க. போர் முடிஞ்சதும் மறுபடி வந்து, 1948 அக்டோபர் 2-ம் தேதிக்கு மாகாணம் முழுக்கப் பரவிடுச்சு.

ஒரு பீப்பாயோட ஆயுசு

இப்ப மாடியில இருந்த அந்தப் பாட்டிலுக்கு வருவோம்.

1971 ஆகஸ்ட் 30. கருணாநிதி அரசு மதுவிலக்கை நிறுத்தி வெச்சது. வேண்டாம்னு கேட்டுக்கறதுக்காக 92 வயசு ராஜாஜி நேர்லயே போய்ப் பார்த்தாரு. நடக்கலை. காஸ்கனியில அந்த வருஷத் திராட்சை அப்ப கொடியில இருந்திருக்கும். இங்கே கடை திறந்து சில மாசத்துல, அங்கே குளிர் ஆரம்பிச்சதும், காய்ச்சிப் பீப்பாயில ஊத்தியிருப்பாங்க.

1972 டிசம்பர்ல ராஜாஜி காலமானார். 1974-ல அதே கருணாநிதி அரசு கடைகளை மூடிடுச்சு. பீப்பாய்க்கு வயசு மூணு கூட ஆகலை.

1981-ல எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தாரு. பீப்பாய்க்கு வயசு பத்தை நெருங்குது. 1983-ல மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் வந்தது. 1987 ஜனவரி 1-ம் தேதி கள்ளும் சாராயமும் மறுபடி தடை. சீமைச் சரக்கு மட்டும் தொடர்ந்தது. அப்புறம் மலிவு விலை மது வந்தது, 1991-ல ஜெயலலிதா அதை எடுத்தாரு. 1997-ல நாமக்கல் தனி மாவட்டம் ஆச்சு. 2003 நவம்பர்ல சில்லறைக் கடையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கிச்சு. அப்ப பீப்பாய்க்கு 32 வயசு.

2015 ஜூலை 31. சேலம் இளம்பிள்ளைப் பக்கத்துக் காந்தியவாதி சசிபெருமாள், கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு மதுக்கடையை மூடச் சொல்லி செல்போன் கோபுரத்துல ஏறிப் போராடினப்ப இறந்து போனார். அடுத்த வருஷம் மே மாசம் அரசு 500 கடைகளை மூடறதா அறிவிச்சது. அதே 2016-லதான் அந்த வீட்டு மகன் பாட்டில்ல அடைச்சு லேபிள் எழுதியிருக்காரு.

இந்த 45 வருஷத்துல இங்கே ஒரு பீப்பாய் நிம்மதியாத் தூங்கியிருக்க முடியுமா? 1971-ல ஆசையா ஊத்தி வெச்சவன் மூணே வருஷத்துல குத்தவாளி. 1981-ல ஆரம்பிச்சவன் ஆறு வருஷத்துல குத்தவாளி. திறக்கறதும் மூடறதும் சரியா தப்பான்னு நான் பேச வரலை. இப்படி மாறி மாறி நடந்தா என்ன சரக்கு மிஞ்சும்ங்கறதுதான் விஷயம். காத்திருக்க வேண்டியதெல்லாம் போயிடும், காத்திருக்காததுதான் நிக்கும்.

நம்ம கடைப் பிராந்தி

மிஞ்சினது என்னன்னு கடையிலேயே பார்க்கலாம். வட இந்தியாவுல விஸ்கின்னா தமிழ்நாட்டுல பிராந்திக்குத் தனி மவுசு. சளிக்கு, பிள்ளை பெத்த உடம்புக்குன்னு மருந்து மாதிரி வீட்டுக்குள்ள வந்த பேர் அது. அது மருந்து இல்லை, குழந்தைக்கு ஒரு சொட்டு கூடக் கொடுக்கக் கூடாதுங்கறதையும் இங்கேயே சொல்லிடறேன்.

ஆனா அந்தப் பிராந்தியில திராட்சை எவ்வளவு? பெரும்பாலான பாட்டில்ல இருக்கறது கரும்பு ஆலைக் கழிவுப்பாகுல, அதாவது மொலாசஸ்ல, எடுத்த நெடியில்லாத சாராயம். அதுல நிறம், மணம், கொஞ்சம் திராட்சைப் பிராந்தி. கலப்புப் பிராந்திக்கு 2 சதவீதம் திராட்சைப் பிராந்தி இருந்தாப் போதும்னு நம்ம உணவுத் தர விதியே சொல்லுது. அளவு 42.8 சதவீதம். எங்க பாட்டில்ல போட்டிருந்தது 44. போதைன்னு பார்த்தா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஒண்ணு 45 வருஷம், இன்னொண்ணுக்குப் பழசாக வேண்டிய அவசியமே இல்லை.

எங்க சின்னப்பா குடிச்சது அந்தப் பிராந்திதான். 42 வயசுல கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தாரு. அம்மாவுக்கு வாடை ஆகாததுக்குக் காரணம் அதுதான். அவர் ருசி பார்த்துக் குடிச்சு நான் பார்த்ததே இல்லை. தண்ணி ஊத்தி மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கு. அப்படிக் குடிக்கறதுக்குன்னே செஞ்ச சரக்கு அது. நல்ல சரக்கா இருந்தா அவர் பிழைச்சிருப்பாருன்னு சொல்ல வரலை. கல்லீரலுக்கு 1971-ம் ஒண்ணுதான், நேத்துக் காய்ச்சினதும் ஒண்ணுதான். காஸ்கனி இருக்கற பிரான்ஸ்லயே குடி பெரிய பிரச்சனையா இருந்து, 1954-ல பிரதமர் மெண்டஸ் பிரான்ஸ் பால் குடிங்கன்னு பிரசாரம் பண்ணினாரு.

வெயிலும் ஒரு காரணம்

சட்டத்தை மட்டும் குத்தம் சொன்னா அது முழு உண்மை ஆகாது. வெயில் இருக்கு. பெங்களூரு சூட்டுலயே பீப்பாயில இருந்து வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஆவியாப் போகுது. அங்கே இருக்கற அம்ருத் ஆலை 2013-ல எட்டு வருஷ விஸ்கி ஒண்ணை வெளியிட்டப்ப அதுக்குப் பேராசை பிடிச்ச தேவதைகள்னு அர்த்தம் வர்ற பேர் வெச்சாங்க. வருஷம் 10 சதவீதம்னு கணக்குப் போட்டா 400 லிட்டர்ல 10 வருஷத்துல மிச்சம் 140 லிட்டர். 20 வருஷத்துல 50 லிட்டருக்கும் கம்மி. 45 வருஷத்துல நாலு லிட்டர் கூடத் தேறாது. சேலம் பெங்களூரை விடச் சூடு.

ஆக 45 வருஷச் சரக்கு நம்ம சமவெளியில சாத்தியமே இல்லை. ஆனா சூட்டுல மரத்தோட வேலையும் வேகமா நடக்கும். ஏழெட்டு வருஷத்துல நம்ம மண்ணுக்குன்னு ஒரு முதிர்ச்சி வந்திருக்கலாம். பனைவெல்லத்துல காய்ச்சினதா, கம்பம் பன்னீர் திராட்சையில காய்ச்சினதா, என்ன மரத்துல வெச்சதா இருந்திருக்கும்னு யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் சேர்ந்தாப்புல யாரும் முயற்சி பண்ணிப் பார்க்கற நிலைமை இருந்ததில்லை.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில கள்ளச்சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. மெத்தனால் கலந்த சாராயம். ஆஸ்பத்திரிக்குன்னு சேலத்துக்குக் கொண்டு வந்தவங்கள்லயும் சிலர் பிழைக்கலை. இந்த வரிசையோட ஒரு முனையில அந்தப் பிளாஸ்டிக் பாக்கெட் இருக்கு. யார் காய்ச்சினது, எதுல, எப்பன்னு எதுவுமே தெரியாது. இன்னொரு முனையில கையால எழுதின லேபிள். ஒரு வீடு, ரெண்டு வருஷம், எல்லாம் தெரியும். குடிக்கறது நல்லதான்னு கேட்டா ரெண்டுக்கும் என் பதில் ஒண்ணுதான். ஆனா இதை நான்தான் செஞ்சேன்னு ஒருத்தன் வெளிப்படையாச் சொல்ல முடியற சரக்கு ஒரு மாதிரி இருக்கும். சொல்ல முடியாத சரக்கு வேற மாதிரிதான் இருக்கும். அந்த வித்தியாசத்துல உயிர் போகுது.

அம்மா கேட்டதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் பதில் சொன்னேன். "பழம்புளிப் பானையை அம்மாயி எத்தனை வருசம் வெச்சிருந்தாங்க?" அம்மா யோசிச்சாங்க. "எனக்கு நெனவு தெரிஞ்சதுல இருந்து இருந்துச்சு. யாரும் வந்து கேக்கமாட்டாங்கல்ல, இருந்துச்சு."

பாட்டில்ல இன்னும் முக்கால் பாகம் இருக்கு. மாமன் மகன் அடுத்த வருஷம் வர்றப்ப எடுத்துக்கலாம்னு அவன் வீட்டுக்கே கொடுத்து அனுப்பிட்டேன். டம்ளரை மட்டும் அம்மா புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவி வெச்சுட்டாங்க.